சிகரெட்டை விட்டு 12 நாள், தூக்கமும் கூடவே போய்விட்டது

கணபதி லேத்காரன் (அதிகாலை 3.05)

வணக்கம். எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். நான் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து இதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

வயது 44. கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், என்னையும் சேர்த்து மூன்று பேர். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். 22 வருடமாக சிகரெட். நாளைக்குப் பன்னிரண்டு, அவசர ஆர்டர் என்றால் பதினைந்து. பாக்கெட்டாக வாங்கினால் அதிகம் பிடித்துவிடுவேன் என்று லூஸில்தான் வாங்குவேன். அந்த சிக்கனம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

விட்டதில் பெரிய வைராக்கியம் ஒன்றும் இல்லை. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து நிற்க வேண்டும், புகையை உறிஞ்சினால் அது பெயர்ந்துவிடும், அப்புறம் வலி தாங்க மாட்டீர்கள், மூன்று நாளைக்காவது தொடாதீர்கள் என்றார் பல் டாக்டர். பயத்தில் தொடவில்லை. நாலாம் நாள் காலையில் வழக்கமான கடை வாசலில் போய் நின்றேன். மூன்று நாள் ஓட்டியாயிற்றே, இதை எதற்கு வீணாக்குவானேன் என்று தோன்றியது. ஒரு கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பகலில் சமாளித்துவிடுகிறேன். கை துறுதுறுக்கும்போதெல்லாம் பேக்கரிக்குப் போய் ஒரு டீ. மெடிக்கலில் 2 மில்லிகிராம் நிக்கோடின் கம் வாங்கி வைத்திருக்கிறேன், ரொம்ப முடியாதபோது அது. பிரச்சினை ராத்திரிதான். பத்தரைக்குப் படுத்தால் பன்னிரண்டரை வரை புரளல். கொஞ்சம் கண் அசந்தால், இரண்டே முக்காலுக்கு யாரோ தோளைத் தட்டிய மாதிரி விழிப்பு. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. அதற்கப்புறம் விடிகிற வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதற்கு மாடிப்படியே மேல் என்று இங்கே வந்துவிடுகிறேன். சாம்பல் தட்டுகிற கொட்டாங்குச்சி இன்னும் இங்கேதான் திட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நான், என்னைப் பார்த்துக்கொண்டு அது.

தூக்கம் இல்லை என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. நேற்று மத்தியானம் ஜாப்பை மாட்டி, அதைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுகிற ‘சக்’கை சாவி போட்டு இறுக்கி, அந்தச் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினை ஓட விட்டேன். லேத் தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே வயிறு கலங்கும். சாவி பிய்த்துக்கொண்டு பறந்து பின்சுவரில் மோதி, நாலு விரல் அகலத்துக்கு சிமென்ட் பெயர்ந்தது. ஹெல்ப்பர் பையன் அந்தப் பக்கம்தான் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை. வேலைக்குச் சேர்கிற பையனுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே சாவியிலிருந்து கையை எடுக்காதே, எடுத்தால் சாவியோடு எடு என்பதுதான். இருபத்தைந்து வருடத்தில் இது முதல் தடவை.

கேள்வி இரண்டு. ராத்திரி படுக்கும் முன் ஒரே ஒரு சிகரெட் வைத்துக்கொண்டால் என்ன? பன்னிரண்டு இருந்த இடத்தில் ஒன்று என்பதே பெரிய விஷயம்தானே. இரண்டாவது, நண்பர் ஒருவர் தான் சாப்பிடும் அல்பிரசோலம் என்கிற தூக்கம் தரும் மாத்திரையில் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார், பாதி போட்டால் போதும் என்கிறார். போடலாமா? விட்டவர்கள் யாராவது, உங்களுக்குத் தூக்கம் எத்தனை நாளில் திரும்பி வந்தது என்றாவது சொல்லுங்கள்.

பாட்டி வைத்தியம் (காலை 6.20)

கவலை வேண்டாம் நண்பரே. பசும்பாலில் ஜாதிக்காய்ப் பொடி ஒரு ஸ்பூன், கசகசா அரைத்தது கொஞ்சம், பனங்கற்கண்டு. ஒரே வாரம். குழந்தை மாதிரி தூங்குவீர்கள்.

ராத்திரி சர்வீஸ் (காலை 7.45)

தம்பி, நான் அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவன். ஊர் திண்டுக்கல். சென்னை ராத்திரி வண்டி பல வருடம் ஓட்டியிருக்கிறேன். தூக்கத்தை விரட்டுவதற்கென்றே சிகரெட் பிடித்தவன் நான். அதனால் இதை விட்டால் தூக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டப்போகிறது என்று நினைத்தேன். எங்கே! 2011-ல் விட்டேன். முதல் நாலு நாள் சுத்தமாக இல்லை. அப்புறம் ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. மூன்றாவது வாரக் கடைசியில்தான் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினேன், அதுவும் காலையில் எழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒரு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டேன். ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் பன்னிரண்டாம் நாள் இப்படி இருப்பது அதிசயமில்லை.

முதல் கேள்விக்குப் பதில், வேண்டாம். 2009-லும் ஒரு முறை விட்டிருந்தேன். பதினாறாம் நாள் உன்னுடைய இதே கணக்கைத்தான் போட்டேன். லீவு நாள், சாப்பிட்டாயிற்று, தூங்குவதற்காக ஒன்றே ஒன்று. பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்கே கை சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்தது. அதற்கு மறுநாள் மத்தியானமே. பத்து நாளில் ஒரு பாக்கெட்டில் வந்து நின்றேன். அந்த ஒன்று தூக்கத்தைக் கொடுப்பதில்லை தம்பி. தான் கிளப்பிவிட்ட தவிப்பைத் தானே கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கிறது. வட்டிக்காரனே வட்டி கட்டுவதற்கு இன்னொரு கடன் கொடுத்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

நான் தப்பித்தது புளியால். சிரிக்காதே. விட்டது பங்குனி மாதம், புளி சீசன். வீட்டில் பன்னிரண்டு கிலோ கொட்டைப் புளி வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, புரண்டு புரண்டு முதுகு வலித்துப் போய், எழுந்து கூடத்துக்கு வந்தேன். ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் அந்த மூட்டைதான் கண்ணில் பட்டது. முறத்தில் ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுத்தியலால் தட்டினால் வீடு முழுக்க விழித்துக்கொள்ளும், அதனால் கையாலேயே பிளந்து, நாரை உரித்து, கொட்டையைத் தோண்டி எடுத்தேன். நகக்கண் எரிந்தது. விரலெல்லாம் பிசுபிசு. அரை மணி நேரத்தில் கொட்டாவி மேல் கொட்டாவி. கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்தேன், அணைந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். தூக்கம் வராமல் படுக்கையில் கிடக்கக் கிடக்க, படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று உடம்பு பழகிவிடும். இருபது நிமிடம் போன மாதிரி தெரிந்தால் எழுந்துவிடு. மணி பார்க்காதே, நான் சுவர்க் கடிகாரத்தையே கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். மங்கலான வெளிச்சத்தில், மூளைக்கு வேலையில்லாத, கைக்கு வேலையுள்ள எதையாவது செய். கண் சொக்கினால் மட்டும் திரும்பிப் போ. ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. பகலில் ஈடுகட்டித் தூங்கக் கூடாது. இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். மூன்று வாரத்தில் புளி தீர்ந்தது. இன்னும் ஐந்து கிலோ வாங்கட்டுமா என்று வீட்டில் கேட்டாள்.

இன்னொன்று. ராத்திரி கடைசி சிகரெட்டை நீ அந்த மாடிப்படியில்தானே பிடிப்பாய்? கொட்டாங்குச்சி அங்கே இருக்கிறதென்றால் அப்படித்தான். அப்புறம் அங்கேயே போய் உட்கார்ந்தால் என்ன தோன்றும்? இடத்தை மாற்று. மூன்று மணிக்குப் போனில் கட்டுரை எழுதுவதையும் நிறுத்து. உன்னைத் திட்டவில்லை, என் மகன் வயதுதான் உனக்கு.

மாத்திரை டப்பா (காலை 9.30)

அண்ணா, நான் திருச்சியில் மருந்தாளுநர். 18 வருடமாகக் கடையில் நிற்கிறேன். முதலில் அந்த அட்டையைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். அல்பிரசோலம் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து, சுலபமாகப் பழக்கமாகிவிடும், நிறுத்தினால் தூக்கம் இன்னும் மோசமாகக் கெடும். மறுநாள் காலையிலும் மந்தமாகவே வைத்திருக்கும். சக்கில் சாவியை மறந்த மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு லேத் முன்னால் நிற்கப் போகிறீர்களா?

மேலே ஜாதிக்காய் ஒரு ஸ்பூன் என்று எழுதியிருப்பவருக்கு: தயவுசெய்து அளவைத் திருத்துங்கள். பாலில் ஒரு சிட்டிகை வாசனைக்குப் போடுவது வேறு. ஸ்பூன் கணக்கில் போனால் வாந்தி, படபடப்பு, தலைசுற்றல், பிதற்றல் வரை போகும்.

அண்ணா, இரண்டு விஷயம் கேட்க வேண்டும். நாளைக்கு எத்தனை டீ, காபி? கடைசி டீ எத்தனை மணிக்கு? அந்த கம்மை எப்போது, எப்படி மெல்கிறீர்கள்? கூச்சப்படாமல் சரியாக எண்ணிச் சொல்லுங்கள்.

கணபதி லேத்காரன் (மத்தியானம் 1.10)

டிரைவர் அண்ணா, மாடிப்படி விஷயத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அதே படி, அதே இடம். எனக்கு இது உறைக்கவே இல்லை.

அக்கா, சாப்பிட உட்கார்ந்தபோது விரல் விட்டு எண்ணினேன். காலை ஆறு மணிக்கு வீட்டில் ஃபில்டர் காபி, டிபனோடு இன்னொன்று. பட்டறை திறந்ததும் பேக்கரியில் ஒரு டீ. அதற்கப்புறம் எண்ணிக்கொண்டே போனால் ராத்திரி எட்டேகாலுக்கு ஷட்டரை இறக்கிவிட்டுக் குடிப்பதோடு சேர்த்து ஒன்பது டீ வருகிறது. முன்பு ஐந்துதான். சிகரெட் ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு டீ என்று வைத்துக்கொண்டதில் ஏறிவிட்டது. டீ கெடுதல் இல்லைதானே என்று விட்டுவிட்டேன்.

கம் பகலில் இரண்டு, மூன்று, பெரும்பாலும் டீ குடித்த கையோடு. ராத்திரி படுக்கும் முன் கட்டாயம் ஒன்று, அப்போதுதான் தவிப்பு அதிகம். பல் பிடுங்காத பக்கம் போட்டு சாதா சூயிங்கம் மாதிரி மெல்லுவேன். காரமாக இருக்கும், விக்கல் வரும், பத்து நிமிடத்தில் துப்பிவிடுவேன்.

மாத்திரை டப்பா (மத்தியானம் 2.40)

நினைத்தேன். அண்ணா, உங்கள் தூக்கத்தில் பாதியை சிகரெட் எடுத்தது என்றால் மீதியை பேக்கரி எடுத்திருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. டீ, காபியில் இருக்கும் கஃபீனை உடம்பிலிருந்து கழிப்பது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. சிகரெட் புகையில், அதன் பிசுபிசுப்பான கறுப்புக் கசடான தாரில், இருக்கும் சில பொருள்கள் அந்த நொதியை முடுக்கிவிடும். அதனால் புகை பிடிப்பவர்களுக்கு கஃபீன் சீக்கிரம் கழிந்துவிடும். 22 வருடமாக உங்கள் கல்லீரல் அந்த வேகத்தில் ஓடியது, ஐந்து டீ குடித்தும் நிம்மதியாகத் தூங்கினீர்கள். புகை நின்ற சில நாளிலேயே நொதி பழைய நிதானத்துக்கு வந்துவிடும். அப்போது அதே அளவு டீ குடித்தாலே ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிற்கும். நீங்கள் அளவையும் ஐந்திலிருந்து ஒன்பதாக ஏற்றிவிட்டீர்கள். புகை பிடிக்காத ஒருவருக்கு உள்ளே போன கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எட்டேகால் மணி டீயில் பாதி, நள்ளிரவு தாண்டியும் உங்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை, கஃபீன் மிஞ்சினால் வரும் படபடப்பு, எரிச்சல், கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாமே சிகரெட்டை விட்டால் வருவதும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. சிகரெட் இல்லாமல் என்னால் முடியவில்லை என்று தோற்றுப் போகிறவர்களில் எத்தனை பேர் டீயிடம் தோற்றார்களோ!

சரி, கம்முக்கு வருகிறேன். நொதியை முடுக்குவது புகைதான், நிக்கோடின் இல்லை. அதனால் கம் மென்றாலும் கஃபீன் கணக்கு மாறாது. ஆனால் நிக்கோடினே ஒரு ஊக்கி. படுக்கும் நேரத்தில் மென்றால் அது எழுப்பித்தான் விடும். அதே சமயம் பகலில் உங்கள் கம் பாதி வேலை கூட செய்வதில்லை. டீ, காபி குடித்த வாயில் நிக்கோடின் சரியாக உறிஞ்சப்படாது. கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து, வாயில் இருக்கும் வரை தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். மெல்லும் முறையும் தவறு. மெதுவாக மென்று சுர்ரென்று ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள், வெற்றிலையை அடக்கி வைப்போமே அப்படி. சுர்ர் அடங்கியதும் மறுபடி இரண்டு மெல். இப்படி அரை மணி நேரம். படபடவென்று மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். பகலில் இதைச் சரியாகச் செய்தால் ராத்திரித் தவிப்பு தானாகக் குறையும். ஒரேயடியாக கம்மை நிறுத்த வேண்டாம்.

டீயையும் நாளைக்கே மொத்தமாக வெட்டாதீர்கள், தலைவலி மண்டையைப் பிளக்கும். மூன்று, நாலு நாளில் பாதியாக்குங்கள். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் வேண்டாம். நாலு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால், அல்லது மனசு ரொம்பச் சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் போனால், டாக்டரைப் பாருங்கள். புகையை விடுவதற்கென்றே சீட்டில் எழுதித் தருகிற மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றிலும் தூக்கம் கெடுவது, கனவு வருவது உண்டு என்பதால் எந்த நேரத்தில் போடுவது என்று அவரே சொல்வார்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்து அவர்கள் புகையை விட்டால், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அதைக் கழிப்பதும் இதே நொதிதான். எங்கள் கடைக்கு வருகிற ஒரு தாத்தா, பீடியை விட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, தூக்கமே இல்லை, பீடி பிடித்தபோதே நன்றாக இருந்தேன் என்று சண்டைக்கு வந்தார். டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்ததும் சரியாகிவிட்டது.

ஓஎம்ஆர் பையன் (மாலை 5.55)

நான் நிக்கோடின் பேட்ச், அதாவது தோலில் ஒட்டுகிற பட்டை, போட்டு சிகரெட்டை விட்டவன் ப்ரோ. 24 மணி நேரம் ஒட்டிக்கொண்டே தூங்கினேன். தூக்கம் வந்தது, ஆனால் கனவு இருக்கிறதே, மூன்று மணி நேரப் படம், கலர், டிடிஎஸ் சவுண்டு. ஒரு கனவில் மேனேஜர் எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்ரைசல் நடத்தினார். டாக்டரிடம் சொன்னேன், படுக்கும் முன் கழற்றிவிடு என்றார். கனவு அடங்கிவிட்டது. அதற்குப் பதிலாகக் காலையில் எழுந்ததும் தவிப்பு கொஞ்சம் கூடுதல், புதுசு ஒட்டி ஏறுகிற வரை. சிகரெட் பிடிப்பது போலவே கனவு வரும், பயந்துவிடாதீர்கள், விட்ட நிறையப் பேருக்கு வரும்.

இன்னொன்று, புகையை விட உதவுவதற்கு 1800-11-2356 என்று ஒரு இலவச எண். சிகரெட் அட்டையில் அந்த எச்சரிக்கைப் படத்தோடு 2018-லிருந்து அச்சடித்து வருகிறார்கள். தமிழிலும் பேசுவார்கள். லூஸில் வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்த்திருக்க மாட்டீர்கள், ஹி ஹி.

குளித்தலைக்காரி (ராத்திரி 8.30)

எல்லாரும் விட்டவர் தூக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவள் தூக்கத்தை யாராவது கேட்டீர்களா? என் வீட்டுக்காரர் விட்டபோது ராத்திரி ஒரு மணிக்கு "தூங்கிட்டியா?" என்று கேட்பார். தூங்கிட்டேன் என்று எத்தனை தடவை பதில் சொல்வது? இரண்டு மணிக்கு அடுப்படியில் முறுக்கு டப்பா திறக்கிற சத்தம். பிறகு கடிக்கிற சத்தம். ஒரு மாதத்தில் நாலு கிலோ ஏறினார். பிள்ளைகளிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார், காலையில் அவரே போய் சமாதானம் பேசுவார். கடைசியில் நான் பிள்ளைகள் அறையில் பாய் போட்டுக்கொண்டேன், அப்போதுதான் இருவருக்குமே தூக்கம் வந்தது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள் அண்ணா, ஒரு மாதம் நான் இப்படித்தான் இருப்பேன் என்று. சொல்லிவிட்டு எரிந்து விழுந்தால் கோபம் பாதிதான் வரும்.

கணபதி லேத்காரன் (இரண்டு வாரம் கழித்து, ராத்திரி 8.50)

இன்றோடு 26 நாள். பதில் போட்டவர்களிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும் அல்லவா.

டீயை மூன்றாக்கினேன், காபி ஒன்று. மத்தியானம் ஒரு மணியோடு கடை மூடல். முதல் இரண்டு நாள் தலைவலி, நெற்றியில் வைஸ் மாட்டி இறுக்கின மாதிரி. பேக்கரியில் டீ மாஸ்டர் நான் உள்ளே நுழைந்ததுமே கிளாஸைக் கழுவ ஆரம்பித்துவிடுவார், வேண்டாம் என்று சொல்வதற்குள் டீ வந்துவிடும். இரண்டு நாள் வாங்கி, அப்படியே ஹெல்ப்பர் பையனுக்குக் கொடுத்தேன். இப்போது சாயங்காலம் தள்ளுவண்டியில் காபித்தூள் போடாத சுக்கு காபி. ராத்திரி கம் நிறுத்தியாயிற்று. பகலில் அக்கா சொன்ன மாதிரி கன்னத்தில் அடக்கி வைக்கிறேன், விக்கல் போன இடம் தெரியவில்லை. அந்த இலவச எண்ணிலும் ஒரு நாள் பகலில் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள், எந்தெந்த நேரத்தில் தோன்றுகிறது என்று எழுதிவைக்கச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் பேக்கரி நேரம்தான்.

டீயைக் குறைத்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ படபடப்பு நின்றது. இரண்டே முக்கால் விழிப்பு மட்டும் விடவில்லை. டிரைவர் அண்ணா, எங்கள் வீட்டில் புளி எல்லாம் பாக்கெட்தான். பட்டறையில் ஒரு பெயிண்ட் டப்பா நிறைய நட்டு, போல்ட்டு, ஸ்க்ரூ கலந்து கிடந்தது, பத்து வருடமாகத் தரம் பிரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் ராத்திரி ஸ்டீல் தட்டில் கொட்டினேன், வீடே எழுந்துவிட்டது. இப்போது தரையில் பழைய போர்வையை விரித்து அதன்மேல். எட்டு எம்எம், ஆறு எம்எம், கால் அங்குலம். காலுக்கும் ஆறுக்கும் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அரை இருட்டில் நட்டை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு சுற்று ஏறி இறுகினால் அது வேறு மரை. இருபது, முப்பது போல்ட்டில் கண் சொருகும். நாலு நாளாக ஐந்து மணி வரை ஒரே தூக்கம். நடுவில் முந்தாநாள் மட்டும் சொதப்பல், அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டில் ராத்திரி காபி குடித்துவிட்டேன். 

ஓஎம்ஆர் தம்பி, கனவு வந்தது. பேக்கரி வாசலில் நின்று முழு சிகரெட்டையும் ரசித்துப் பிடிக்கிறேன். எழுந்தபோது வாயில் வாசனை கூட இருந்தது. எழுந்து போய் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். வெறும் வெர்னியர் அட்டைதான், வெர்னியர் அளவுகோலில் பார்த்த ரீடிங் எழுதின அட்டை.

மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம்.

சாவி விஷயம். இரண்டு லேத்துக்கும் சாவி முனையில் ஸ்பிரிங் போட்டு நானே கடைந்து மாட்டிவிட்டேன். அழுத்திப் பிடித்தால்தான் சக்கில் நிற்கும், கையை எடுத்தால் தானாக வெளியே தள்ளிவிடும். பையன் முதலில் அதைப் பார்த்துவிட்டு, இது எனக்கா, உங்களுக்கா அண்ணா என்று கேட்டான். உனக்குத்தான் என்று சொல்லிவைத்தேன். சுவரில் பெயர்ந்த இடத்தை இன்னும் பூசவில்லை.

ராத்திரி சர்வீஸ் (ராத்திரி 9.15)

மகிழ்ச்சி தம்பி. மணி ஒன்பதேகால் ஆகிறது, போனை வைத்துவிட்டுப் போ. போல்ட்டு டப்பா தீர்ந்துவிட்டால் சொல்லு, இங்கே இரண்டு மூட்டை நிலக்கடலை உரிக்காமல் கிடக்கிறது. பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன்.

கணபதி லேத்காரன் (ராத்திரி 9.20)

டப்பாவில் இன்னும் முக்கால்வாசி இருக்குதுங்க அண்ணா. அதற்குள் தூக்கம் முழுசாக வந்துவிட்டால், மிச்சத்தைப் பிரிக்க ஆள் போட வேண்டும் போலிருக்கிறது. வைக்கிறேன்.